காத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன்

சாமி,

நீ போன் எடுப்பதில்லை. அம்மா அனுப்புகிற செய்திக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புகிறாய். அதை அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டி, "பாருங்க, பதில் போட்டிருக்கான்" என்கிறாள். கட்டைவிரலைப் பதிலாக எடுத்துக்கொள்ளும் நிலைமைக்கு உன் அம்மா வந்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் நியூ ஜெர்சி எடிசனில் ரயில் ஏறி நாலு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் படித்துத் தள்ளிவிடுவாய். தமிழென்றால் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன். மெதுவாக வாசி. கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டு மறுபடி எடு. ஆனால் முழுக்க வாசி.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டுதான் உன்னைக் கூப்பிட்டேன். காலையிலிருந்தே இங்கே மழை. ஆப்கானிஸ்தானத்தில் உன்னோடு சண்டையில் நின்ற நசீர், நீ வருஷக்கணக்கில் ஆள் ஆளாகப் பார்த்து விசா வாங்கிக் குடும்பத்தோடு டெக்ஸஸுக்குக் கொண்டுவந்து சுகர் லேண்டில் எங்கள் கண்ணெதிரே குடிவைத்த நசீர், டெலிவரி வேனை ஓட்டிக்கொண்டு ஃப்ரீவேயில் போகும்போது முன்னால் போன ட்ரக் சறுக்கி, அதில் மோதி, ஆஸ்பத்திரியில் உயிரை விட்டுவிட்டான். துப்பாக்கிச் சூட்டில் பிழைத்து வந்தவன் யார் வீட்டுக்கோ சாமான் கொண்டுபோகிற வழியில் செத்தான். "போயிட்டான் சாமி" என்றேன். எப்படி என்று மட்டும் கேட்டாய். பிறகு, "இப்பவே ஏர்போர்ட் போறேன்ப்பா. அவங்க ரொம்ப சீக்கிரம் அடக்கம் பண்ணிருவாங்க" என்றாய்.

நீ சரியாகத்தான் சொன்னாய். அவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே முகாமில் படுத்து எழுந்தவன் நீ. உனக்குத் தெரியாதா? ஆனால் எல்லாம் தெரிந்த ஏகாம்பரமாக உன் அப்பன் ஒருவன் இருக்கிறேனே. "அதெல்லாம் அவங்க ஊர்ல சாமி. இது அமெரிக்கா. ஹாஸ்பிடல் பேப்பர் கைக்கு வரவே ரெண்டு நாளாகும். சனி, ஞாயிறுலதான் எடுப்பாங்க. இந்த மழையில ராத்திரி ஃப்ளைட் ஏற வேண்டாம். நாளைக்கு நிம்மதியா கெளம்பி வா. நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கச் சொல்றேன், நானிருக்கேன்ல" என்று சொன்னேன். "ஆர் யூ ஷ்யூர், அப்பா?" என்று நீ மறுபடியும் கேட்டாய். "ஷ்யூர், ஷ்யூர்" என்றேன். போனை வைத்த பிறகு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அழுதுகொண்டிருக்கிற வீட்டில் போய் உடனே அதைப் பேசுவானேன், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்து படுத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஏன் அப்படி அடித்துச் சொன்னேன் என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். என் அப்பா கோபியில் செத்தபோது நீ ரொம்பச் சின்னப்பையன். தகவல் வந்ததும் நான் இங்கிருந்து கிளம்பி, மூன்று விமானம் மாறி, கோயம்புத்தூரில் இறங்கி, கார் பிடித்து வீடு போய்ச் சேரும்வரை அவரை ஃப்ரீசர் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சொந்தபந்தம் ஒருத்தரும் நகரவில்லை. நான் வாசலில் இறங்கியதும் அழுது ஓய்ந்திருந்த கூட்டம் மறுபடி அழ ஆரம்பித்தது. "அமெரிக்காவிலிருந்து மகன் வந்தாச்சு, இனி எடுக்கலாம்" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அந்தத் துக்கத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நம் ஆட்களுக்குச் சாவு என்றால் காத்திருப்பதுதான் மரியாதை. தூரத்தில் இருக்கிறவனுக்காகப் பிணத்தை வைத்திருக்காத வீட்டை ஊரே பேசும். இங்கேயும் பார், நம் ஆட்கள் யார் போனாலும் டப்ளினிலிருந்து தம்பி வர வேண்டும், லண்டனிலிருந்து மருமகன் வர வேண்டும் என்று வார இறுதிக்குத்தானே தள்ளிப்போடுகிறார்கள். செத்தவர்கள் எல்லோரும் நமக்காகக் காத்திருப்பார்கள் என்றே இத்தனை வயது வரை நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா இட்லி அவித்துத் தூக்கில் எடுத்துக்கொள்ள, இருவரும் அவர்களுடைய அபார்ட்மென்ட்டுக்குப் போனோம். கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. பள்ளிவாசல் ஆட்கள் முந்தின நாளே அங்குமிங்கும் ஓடிப் பேப்பர் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்களாம். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றித் தயாராக வைத்தாயிற்றாம். ஜும்மா தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றார் தாடி நரைத்த ஒரு பெரியவர். "என் மகன் வரணுமே" என்றேன். அவருக்கு உன்னைத் தெரிந்திருந்தது. நசீர் உன்னைப் பற்றிச் சொல்லாத ஆளே அங்கே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு ரொம்பப் பக்குவமாகச் சொன்னார்: "அங்கிள், இறந்தவரைக் காக்க வைக்கக் கூடாது. அது அவருக்குக் கஷ்டம்." நமக்கு எது மரியாதையோ அதுவே அவர்களுக்கு அவமரியாதை. இதை நான் முந்தின நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்துகொண்டிருப்பேன். உன்னைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. நீ விமானம் ஏறிவிட்டாய். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

நீ வந்து சேருவதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. தெரிந்துகொள். ஊருக்கு வெளியே, புல் வெட்டிய ஒரு மைதானத்தின் ஓரத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய இடம். மண் மழையில் ஊறிக் கறுப்பாக இருந்தது. பெண்கள் காரிலேயே இருந்துவிட்டார்கள். குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் அந்தப் பெரியவர் கூட்டத்தைப் பார்த்து உருதுவில், சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒருத்தரும் அசையவில்லை. அவனுடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் அங்கே, எந்த மலையில் எந்த நிலையில் இருக்கிறார்களோ. எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது. பேச்சில் உருதுவும் இந்தியும் ஏறக்குறைய ஒன்றுதான்; இந்தி தெரியாத உன் அப்பனுக்கு எப்படிப் புரிந்தது என்று பிறகு சொல்கிறேன். கையைத் தூக்கினேன். நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல, "ஹம் ஹைன்" என்றேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெற்றியில் திருநீறு வேறு. பெரியவர் ஒன்றும் யோசிக்கவில்லை, வாருங்கள் என்று கூப்பிட்டுத் தலைமாட்டுப் பக்கம் நிறுத்திக்கொண்டார். இறக்கி முடித்ததும் முதல் பிடி மண்ணை என்னைப் போடச் சொன்னார். இது என் மகன் போட வேண்டியது என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போட்டேன்.

நீ வந்தபோது எல்லோரும் கலைந்துவிட்டார்கள். அம்மாவும் நானும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். வாடகைக் காரிலிருந்து இறங்கி, உறை போட்ட உன் ராணுவ உடுப்பைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாய். அதை உடுத்திக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்கத்தானே எடுத்து வந்தாய். மேடாக்கிய மண்ணைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "யூ ஸெட் தே வுட் வெய்ட்" என்றாய். நான் உன் தோளைத் தொட வந்தேன், நீ விலகிக்கொண்டாய். அம்மா, "வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பியாச்சும் குடிச்சிட்டுப் போ கண்ணு" என்று கேட்டதற்குக்கூட நிற்காமல் அப்படியே திரும்பி ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டாய். நீ திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

உன் கோபம் நியாயமானது. அதைக் குறைத்துக்கொள் என்று கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. எனக்கு வேறு ஒரு காரியம் ஆக வேண்டும். அதற்கு முதலில் பழைய கதை கொஞ்சம் பேச வேண்டும்.

நீ மெடிக்கல் காலேஜ் வேண்டாமென்று ராணுவத்துக்குப் போனபோது நான் ஆறு மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், ஆப்கான் படைக்கு அட்வைசராகப் போகிறேன் என்று சொன்னாய். எனக்கு அப்பாடா என்றிருந்தது. "அட்வைசர்னா ரூம்ல உக்காந்து சொல்லிக் குடுக்கறதுதானே?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "மோஸ்ட்லி, அப்பா" என்றாய். நான் அதை அப்படியே நம்பி, ஏசி ரூமில் மேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தமிழ்ச் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். நீங்கள் நாலைந்து பேர் மட்டும் அவர்களுடைய மண்சுவர் முகாமிலேயே தங்கி, அவர்களுடைய ரொட்டியைத் தின்று, அவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகிறீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ரிஃபைனரியில் முப்பது வருஷம் சேஃப்டி பார்த்தவன் நான். ஆபத்து எங்கே இருக்கிறது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். பெற்ற பிள்ளை இருந்த இடத்தின் வாசனை எனக்கு எட்டவில்லை.

உனக்கு மெடல் கொடுத்த அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கொஞ்சம் தெரிந்தது. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் வந்திருந்தாள். மேடையில் ஒருவர் கணீரென்று வாசித்தார். முன்னால் போன கூட்டாளிப் படையின் வண்டி தாக்கப்பட்டது, கேப்டன் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் வெட்டவெளியைக் கடந்து போய் அடிபட்ட வீரர்களை இழுத்து வந்தார், தோளில் குண்டு பாய்ந்த பிறகும் கடைசி ஆள் வெளியேறும்வரை இடத்தை விட்டு நகரவில்லை என்றெல்லாம் வாசித்தார். நான் போனில் வீடியோ எடுத்தேன். அதை நான் அனுப்பாத வாட்ஸ்அப் குரூப் கிடையாது. நீ தலையைக் குனிந்தபடியே நின்றாய். திரும்பி வரும்போது காரில், "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன சாமி, கருமாதிக்கு வந்தவனாட்டம் நிக்கற?" என்று கேட்டேன். "அவங்க பேரை வாசிக்கலப்பா" என்றாய். யார் பேரை என்று நான் கேட்கவில்லை. ரேடியோவில் பாட்டு வைத்தேன்.

பிறகு நசீர் வந்தான். மனைவி ஜர்மீனா, கையில் தூங்குகிற ஒரு சின்னப் பெண், நாலு பெட்டி. நீ அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து அறிமுகம் செய்துவிட்டு நியூ ஜெர்சிக்குப் போய்விட்டாய். மறு வாரமே அவன் தானாக வந்தான். பெஷாவரில் அகதியாக வளர்ந்தவன், உருது சரளமாக வரும். இந்தியாக்காரனென்றால் இந்தி தெரியாமலா இருக்கும் என்று என்னைப் பார்த்துக் கொட்டு கொட்டென்று கொட்டினான். நானோ இந்தி தெரியாது என்பதையே ஒரு பட்டம் போலச் சொல்லிக்கொள்கிறவன். "அச்சா, அச்சா" என்று தலையாட்டினேன். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பா சூரத்தில் ஜவுளி வியாபாரம் பார்த்ததில் அவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. அன்றையிலிருந்து அவன் சொல்ல, அவள் எனக்குத் தமிழில் சொல்ல, எங்கள் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் பேச்சு நடக்கும்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் அந்தச் சண்டையைச் சொன்னான். முசுக்கொட்டை மரத் தோட்டம், இடுப்பளவு மண்சுவர், ஓரமாக ஒரு வாய்க்கால். எனக்கு நம் ஊர்ப் பக்கம் கண்ணில் வந்தது. முன்னால் போன அவர்கள் வண்டி அடிபட்டு நின்றுவிட்டது. நசீரும் இன்னும் சிலரும் வாய்க்காலுக்குள் குதித்தார்கள். இரண்டு பேர் வண்டிக்குப் பக்கத்திலேயே அடிபட்டுக் கிடந்தார்கள். பின்னால் இருந்த உங்களுக்கு அங்கேயே இருங்கள், ஹெலிகாப்டர் வருகிறது என்று உத்தரவு. "நாங்க அவரைக் கூப்பிடவே இல்லீங்கறான்" என்றாள் அம்மா. "அமெரிக்காக்காரன் எதுக்கு வரப்போறான்னு நெனச்சோம்ங்கறான். வாய்க்கால்ல குனிஞ்சு குனிஞ்சு ஒருத்தன் வர்றதப் பார்த்தா அது நம்ம பையன்ங்கறான்." அவள் குரல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தேய்ந்துகொண்டே வந்தது. பெற்ற மகன் குண்டுகளுக்கு நடுவே ஓடியதை இன்னொருவன் சொல்லக் கேட்டு, அதைத் தன் வாயால் புருஷனுக்கும் சொல்ல வேண்டிய வேலை வேறு எந்தத் தாய்க்காவது வாய்த்திருக்குமா? நீ போய் ஒருவனை இழுத்து வந்தாய், மறுபடி போய் இன்னொருவனை இழுத்து வந்தாய், தோளில் குண்டு பட்டது என்ற இடத்தில் அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். நசீர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "பஸ்" என்றான். அவ்வளவுதான் என்று அர்த்தம். அதன் பிறகுதான் நான் யாருக்கும் தெரியாமல் போனில் இந்தி படிக்க ஆரம்பித்தேன். இனி ஒரு தடவை அவளைச் சொல்ல வைக்கக் கூடாது என்று தோன்றியது. சங்கத்து ஆட்களுக்கு இது தெரிந்தால் என்னைத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள்.

சாமி, "பஸ்" என்று அவன் நிறுத்திய இடத்தோடு கதை முடியவில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நீ கோபித்துக்கொண்டு போன மறுநாள் காலையில்தான் அம்மா சொன்னாள். "ஏங்க, நசீர் அன்னிக்குப் பாதிதாங்க சொன்னான்" என்று ஆரம்பித்தாள். ஒரு லீவில் நீ வந்திருந்தபோது உன் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாளாம். அப்போது நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். குண்டு பட்டதும் நீ வாய்க்காலுக்குள் குப்புற விழுந்து கிடந்தாய், மூக்கு தண்ணீருக்குள். நசீர் அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் பத்திரமாகப் போய்விட்டான். போனவன் திரும்பி வந்தான். உன் தலையைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, சூடு ஓயும்வரை உன் மேல் கவிழ்ந்து படுத்துக் கிடந்தான். "அவன்தாம்மா என்னைக் காப்பாத்துனான். மெடல் பேப்பர்ல அது இல்ல. சொன்னேன், எழுதல" என்று நீ சொன்னதாக அவள் சொன்னாள். என்னிடம் ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று அவளைக் கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா வாட்ஸ்அப்ல வந்துரும், சொல்லாதம்மான்னு கேட்டுக்கிட்டான்" என்றாள்.

நசீர் ஏன் மறைத்தான் என்றும் கேட்டேன். அதற்கு உன் அம்மா சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. "உங்க மகன நாந்தான் காப்பாத்துனேன்னு பெத்தவங்க வீட்ல சோத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு எப்படீங்க சொல்லுவான்? சொன்னா கூலி கேக்கற மாதிரி ஆயிராதா?" அதைச் சொல்லிவிட்டு அவள் முந்தானையை வாயில் வைத்து அடக்க முடியாமல் அழுதாள். "எம் பையன் மேல மண்ணு விழாம மேல படுத்துக் கெடந்தான். அவன் மேல மண்ணு விழறப்ப எம் பையன் இல்லாமப் போயிட்டானேங்க." நானும் அழுதேன். என் அப்பாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. நீ அங்கே நின்று மண்ணைப் பார்த்த பார்வை என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் உனக்கு ஒரு நண்பனின் அடக்கத்தைத்தான் தவறவிட வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரியதை உன்னிடமிருந்து பறித்திருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னிக்கிற அளவில் இருக்கிற காரியமா இது?

இனி எனக்கு ஆக வேண்டிய காரியத்தைச் சொல்கிறேன். நேற்று அம்மா கொடுத்த சாமான்களோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்றைக்குக் கையில் தூங்கிக்கொண்டு வந்த பெண் பல்வாஷா இப்போது ஹை ஸ்கூலில் படிக்கிறாள், பார்த்தால் நம்ப மாட்டாய். டெக்ஸஸ்காரி மாதிரியே இங்கிலீஷ் பேசுகிறாள். சாமான்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வாசல்வரை கூடவே வந்தாள். "அங்கிள், எங்க அப்பா ஆர்மில என்ன பண்ணார்?" என்று கேட்டாள். அவளிடம் அப்பா என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். வண்டி ஓட்டினேன் என்று சொன்னாராம். நான் ஊரெல்லாம் அனுப்பிய அந்த மெடல் வீடியோ இருக்கிறதே, அதை அவன் தன் போனில் வைத்துக்கொண்டு அடிக்கடி அவளுக்குப் போட்டுக் காட்டுவானாம். உன்னைத் தொட்டுக் காட்டி, வீரன் என்றால் இவன்தான், இவனை மாதிரி இரு என்பானாம். அதைச் சொல்லிவிட்டு, கதவு நிலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "ஸோ, மை டாட் ஜஸ்ட் காட் ரெஸ்க்யூட், ரைட் அங்கிள்?" என்றாள். அவரை யாரோ காப்பாற்றினார்கள், அவ்வளவுதானே என்று கேட்கிறாள். குரலில் குறை இல்லை. கொஞ்சம் வெட்கம் இருந்தது. செத்துப்போன தகப்பனைப் பற்றி ஒரு பெண்ணுக்கு அந்த வெட்கம் இருக்கலாமா?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை. அது உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வது? என் மனைவி சொன்னாள், அவளுக்கு என் மகன் சொன்னான் என்றா? ஏற்கெனவே ஒரு தடவை எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசி உன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கியிருக்கிறேன். ஜர்மீனாவுக்கும் தெரியாது, நான் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவன் பெண்டாட்டி பிள்ளையிடம்கூட மூச்சு விடவில்லை. உன் மெடலோடு வந்த பேப்பரில் அவன் பேர் இல்லை. அவனோடு வாய்க்காலில் கிடந்தவர்களில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியாது என்று அம்மா சொன்னாள். நீயும் பேசாமல் இருந்துவிட்டால் அவன் செய்தது அந்த மண்ணோடு போயிற்று.

உனக்கு நான் பெரிதாக எதுவும் உபதேசம் செய்ததில்லை. செய்ததையும் நீ கேட்டதில்லை. இந்த ஒன்றைக் கேள். நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பார்கள். அடக்கத்துக்கு இல்லாதவன் இப்போது எந்த முகத்தோடு போவது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். உன்னைப் பெற்றவனுக்கு அது தெரியாதா? துக்கம் கேட்கப் போக நேரம் தப்பிவிட்டது என்று ஒன்று கிடையாது. பத்து வருஷம் கழித்து வந்து கட்டிப்பிடித்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் ஏன் தாமதம் என்று கேட்க மாட்டார்கள். வந்துவிட்டான் என்றுதான் அழுவார்கள். அந்த லீவில் வந்தபோதே மெடலைத் திருப்பிக் கொடுப்பேன் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதனால் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது?

அவர்களும் நாற்பதாம் நாள் வைத்துச் சமைத்துப் போடுவார்களாம். எல்லோருக்கும் தோதாக இருக்கட்டும் என்று வருகிற சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். என் முகத்தைப் பார்க்க வேண்டாம். நான் அங்கே இருந்தால் நீ வர மாட்டாய் என்றால் சொல்லி அனுப்பு, அன்றைக்கு நான் போகவில்லை, அம்மா மட்டும் போய்விட்டு வரட்டும். ஏர்போர்ட்டிலிருந்து நேராக அவர்கள் அபார்ட்மென்ட்டுக்குப் போ. பல்வாஷாவைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வை. அந்த வாய்க்காலில் என்ன நடந்தது என்று முழுக்கச் சொல். இங்கிலீஷிலேயே சொல், அவளுக்கு அதுதான் வரும். சொல்ல வராவிட்டாலும் பரவாயில்லை சாமி, போய் அவள் முன்னால் நில். அவள் அப்பா எதைக் காப்பாற்றினார் என்று அவள் கண்ணால் பார்க்கட்டும்.

உன்
அப்பா